செம்மைக்கு மருதோன்றி, கருமைக்கு அவுரி

ஆண்டுகள் பல கழிந்தும் தலையில் நரை தோன்றாமைக்குக் காரணம் யாது என்று வினவியோர்க்குப் பிசிராந்தையார் கூறிய விடை, புறநானூற்றின் 191ஆம் பாட்டாக நிலைபெற்றுள்ளது. மாண்புடைய மனைவி, அறிவு நிரம்பிய மக்கள், குறிப்பறிந்து ஒழுகும் ஏவலர், முறை தவறாத வேந்தன், ஊரில் வாழும் சான்றோர் ஆகியோரையே அவர் காரணமாகக் காட்டினார். இலை, எண்ணெய், பொடி என்று ஒன்றையும் அவர் சொல்லவில்லை. ஆயினும் அவர் பெற்ற பேறு எல்லார்க்கும் வாய்ப்பதன்று. நரை கண்டவர்கள் அதனை மறைக்க வழி தேடினர். அவ்வாறு தேடியவர்களுக்குக் காடும் வேலியும் கழனியும் உதவின. அந்தத் தேட்டத்தின் வரலாற்றையே ஈண்டு ஆராய முற்படுகிறோம்.

மலாக்கா மாநிலத்து ஜாசின் மாவட்டத்தில் செர்காம், மெர்லிமாவ் முதலிய ஊர்களும் அவற்றைச் சூழ்ந்த தோட்டப்புறங்களும் தமிழர் பல தலைமுறையாக வாழ்ந்துவரும் இடங்களாகும். தீபாவளி எண்ணெய் முழுக்கிற்குச் சீயக்காயும், திருமண வீட்டிற்கு மருதாணியும் அவர்களுடைய வாழ்வோடு கடல் கடந்து வந்தவை. இன்று நம் ஊர்க் கடைகளில் இவை பொதியப்பட்ட தூள்களாகக் கிடைக்கின்றன. அவற்றிடையே “கறுப்பு மருதாணி” என்ற பெயரும் வழங்குகிறது. அப்படி ஒரு மருதாணி உலகில் உண்டா? இவ்வினாவிற்கு விடை காண வேண்டுமாயின், கூந்தலைக் கழுவுதல், கூந்தலுக்கு மணமூட்டுதல், கூந்தலுக்கு நிறமேற்றுதல் என்னும் மூன்று தொழில்களையும் பிரித்து அறிதல் வேண்டும்.

மாதவியின் கூந்தல்

சிலப்பதிகாரத்துக் கடலாடு காதையில் மாதவி நீராடும் செய்தி கூறப்படுகிறது. பத்துவகைத் துவர், ஐந்துவகை விரை, முப்பத்திரண்டு வகை ஓமாலிகை ஆகியவை ஊறிய நீரில் அவள் கூந்தல் கழுவப்படுகிறது. பின்னர் நறும்புகையால் உலர்த்தப்படுகிறது. அதன்பின் வகை வகையாகப் பிரிக்கப்பட்டுக் கத்தூரிக் குழம்பு ஊட்டப்படுகிறது. இந்தப் பொருள்கள் எவை என்பதை உரையாசிரியர் அடியார்க்குநல்லார் காட்டியுள்ளார். பூவந்தி, கடுக்காய், நெல்லிக்காய், தான்றிக்காய், கருங்காலி, நாவல், நாற்பால் மரங்களாகிய ஆல், அரசு, அத்தி, இத்தி ஆகியவை பத்துத் துவர். கோட்டம், துருக்கம், தகரம், அகில், ஆரம் ஆகியவை ஐந்து விரை.

இப்பட்டியலில் ஓர் ஒழுங்கு இருப்பதைக் காண்க. துவர்ப் பொருள்கள் வேறு, மணப் பொருள்கள் வேறு. துவர்ப்புச் சுவையுடைய பட்டைகளிலும் காய்களிலும் டானின் என்னும் பொருள் மிகுந்துள்ளது. தோல் பதனிடுவோர் ஆவாரம் பட்டையைப் பயன்படுத்தியதும் இப்பொருளுக்காகவே. தோலும் மயிரும் புரதத்தால் ஆனவை. துவர் புரதத்தைப் பற்றிக்கொள்ளும் இயல்புடையது. ஆதலின் துவர்நீரில் கழுவிய கூந்தல் சற்றே விறைப்பும் தடிப்பும் பெற்று, அடர்ந்ததுபோல் தோன்றும். இது நிறமேற்றும் வேலையன்று. கூந்தலைத் தூய்மை செய்து உறுதிப்படுத்தும் வேலை. கூந்தலின் மணம் இயற்கையோ செயற்கையோ என்று நக்கீரர் வழக்காடியதாகத் திருவிளையாடற் புராணம் கூறும் கதை தோன்றிய மண்ணில், மணமூட்டுதல் தனிக்கலையாக வளர்ந்திருந்ததில் வியப்பில்லை.

பொது மக்களுக்கு அகிலும் கத்தூரியும் எட்டா. அவர்களுக்குச் சீயக்காயும் பூந்திக்கொட்டையும் உசிலந்தழையும் இருந்தன. உசிலந்தழையை உலர்த்தி இடித்த தூளைக் கொங்கு நாட்டார் அரப்பு என்பர். உசிலம்பட்டி என்னும் ஊர்ப்பெயரில் இன்றும் நிற்பது அந்த உசில மரமே. இவற்றில் சேப்பொனின் என்னும் நுரைக்கும் பொருள் உண்டு. அது அழுக்கையும் எண்ணெயையும் நீரோடு கலந்து போக்கும். செம்பருத்தி இலையும் வெந்தயமும் நுரைப்பவை அல்ல. அவற்றின் வழுவழுப்பு மயிரிழையின்மேல் படிந்து சிக்கறுக்க உதவும். மலாய் மக்கள் தலைக்குப் பயன்படுத்திய லாங்கிர் என்னும் மரப்பட்டையும் நம் உசிலும் அல்பிசியா என்னும் ஒரே மரபின. தோட்டத்து வேலிகளில் பூக்கும் செம்பருத்தியே 1960இல் நாட்டின் மலராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட புங்கா ராயா. ஆகவே, கடல் கடந்து வந்த தமிழ்ப் பெண்களுக்குத் தலைமுழுகும் தழைகள் இங்கே முற்றிலும் அயலானவையாக இருக்கவில்லை.

சுருளும் நெளிவும் மாறுமோ?

மூலிகைத் தூள் தேய்த்தால் சுருண்ட மயிர் நேராகும், நேர்மயிர் சுருளும் என்று சிலர் நம்புகின்றனர். இதனை விளக்க ரப்பரைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு நமக்கு வேண்டுவதில்லை. மரம் சீவிக் கிடைத்த பாலை உறையவைத்துப் பெறும் ரப்பர், வெயிலில் இளகும், குளிரில் விறைக்கும். அதனுடன் கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால், கந்தகம் இழைகளுக்கு இடையே பாலமாக அமைந்து அதற்கு நிலையான வடிவம் தருகிறது. இதனை 1839இல் கண்டறிந்தவர் அமெரிக்கராகிய சார்லஸ் குட்இயர். மயிரின் புரதமாகிய கெரட்டினிலும் இத்தகைய கந்தகப் பாலங்கள் இயற்கையாகவே உள்ளன. மயிரின் சுருளுக்கும் நேர்மைக்கும் அவை துணைநிற்கின்றன. வேதிப்பொருள் கொண்டு சுருட்டுவோரும் நேராக்குவோரும் அந்தப் பாலங்களை உடைத்து வேறிடத்தில் இணைக்கின்றனர். சீயக்காய்க்கோ வெந்தயத்திற்கோ அந்த ஆற்றல் இல்லை. அவை மயிரின் மேற்புறத்தை மென்மையாக்கும், தடிப்பாக்கும், பளபளப்பாக்கும். பிறவி அமைப்பை அவை மாற்றா. மென்மை வேறு, அமைப்பு வேறு என்பதை நினைவில் கொள்க.

செம்மை தருவது

இனி நிறத்திற்கு வருவோம். மருதாணியின் இலக்கிய வடிவம் மருதோன்றி. இதற்கு அழவணம், ஐவணம் என்ற பெயர்களும் உண்டு. ஐவணம் என்பதனை மலைநெல்லைக் குறிக்கும் ஐவனத்தோடு மாணவர் மயங்குதல் கூடும். ணகர னகர வேறுபாட்டைக் கற்பிக்க இஃது ஒரு நல்ல எடுத்துக்காட்டு. மலையாளத்தில் இது மயிலாஞ்சி. தமிழ் முசுலிம்களிடையேயும் இப்பெயர் வழங்கும். மலாயில் இனாய் எனப்படுவது அரபுச் சொல்லாகிய ஹின்னா என்பதன் திரிபாகும்.

இவ்விலையில் சிறிதளவே உள்ள லாசோன் என்னும் நிறப்பொருள், செம்மஞ்சள் நிறமானது. புளிப்புக் கலந்த நீரில் இலைத்தூளை ஊறவைத்தால் அது மெல்ல வெளிப்படும். எலுமிச்சைச் சாறும் தேயிலை வடிநீரும் சேர்த்துச் சில மணி நேரம் ஊறவைக்கும் வழக்கத்தின் பொருள் இதுவே. வெளிப்பட்ட நிறம் கெரட்டினோடு இறுகப் பிணைந்துகொள்ளும். நரைத்த மயிரில் அது செம்பொன் நிறமாகத் தோன்றும்; கருமயிரில் செந்நிறச் சாயலாக மட்டுமே தெரியும். எத்தனை நாழிகை வைத்தாலும் அதனால் மட்டும் கருமை வாராது. மலாயில் இனாய் ஆயர் எனப்படும் காசித்தும்பையிலும் இதே லாசோன் இருப்பதாக வேதியியலார் கண்டுள்ளனர். காசித்தும்பையும் மருதோன்றியும் வெவ்வேறு குடும்பத்துச் செடிகள். ஆயினும் விரல் சிவக்கும் தன்மையைக் கண்டு இரண்டிற்கும் இனாய் என்னும் பெயரை இட்டோரின் நுண்ணறிவு போற்றத்தக்கது.

கருமை தருவது

கருமைக்கு நம் முன்னோர் நாடிய செடிகளில் தலையாயது அவுரி. நீலி என்றும் இதற்குப் பெயர். துணிக்கு நீலமேற்றிய செடியும் இதுவே. கொச்சியில் டச்சு ஆளுநராக இருந்த வான் ரீடு தொகுத்த ‘ஹோர்ட்டுஸ் மலபாரிக்கஸ்’ என்னும் பெருநூல் 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்தது. அதன் முதல் தொகுதியிலேயே மயிலாஞ்சியும், அமரி என்ற பெயரில் அவுரியும் படங்களோடு இடம்பெற்றுள்ளன. அந்நாளில் மலாக்காவும் டச்சுக்காரர் ஆட்சியில் இருந்தது என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

அவுரியிலையில் நீலநிறம் நேராக இல்லை. இண்டிகன் என்னும் நிறமற்ற பொருளே உள்ளது. இலைத்தூளில் நீர் பட்டதும் அது பிரிந்து வேறொரு பொருளாக மாறுகிறது. அப்பொருள் காற்றோடு கூடி நீலமாகிறது. நீலமான பின்பு அது நீரில் கரையாது, மயிருக்குள்ளும் நுழையாது. ஆதலின், மருதோன்றியைப் போல அவுரியை நெடுநேரம் ஊறவைத்தல் கூடாது. குழைத்த சில நிமிடங்களிலேயே பூசிவிட வேண்டும். புளிப்பும் சேர்க்கலாகாது. முதலில் மருதோன்றி பூசிக் கழுவி, அதன்மேல் அவுரி பூசினால் செம்மையும் நீலமும் கூடிக் கருமையாகும். இரண்டையும் ஒன்றாகக் குழைத்துப் பூசினால் பழுப்பு நிறம் கிடைக்கும். பாரசீகத்திலும் அரபு நாடுகளிலும் ஹின்னாவோடு வஸ்மா என்னும் நீலத்தூளைச் சேர்த்தோரும் இந்த உண்மையையே கைக்கொண்டனர். கரிசலாங்கண்ணி நம் கூந்தல் தைலங்களில் பெரிதும் இடம்பெறுவது. மலாய், இந்தோனேசிய மக்களும் அதனை உராங்-ஆரிங் என்று அழைத்துத் தலையெண்ணெயில் சேர்ப்பர். ஆயினும் மருதோன்றியையும் அவுரியையும் போல ஒருநாளில் மயிரைப் பற்றிக்கொள்ளும் சாயம் அதனிடம் இல்லை.

துணியும் தலையும்

கருமைக்கு மற்றொரு வழியும் இருந்தது. துவரும் இரும்பும் கூடினால் கருநிறம் பிறக்கும். கடுக்காயும் அன்னபேதியும் கொண்டு மை காய்ச்சியோர் இதனை அறிவர். வராகமிகிரர் 6ஆம் நூற்றாண்டில் இயற்றிய பிருகத் சம்கிதையில் நறுமணக் கலவைகளைக் கூறும் பகுதி, நரைக்கு மருந்து கூறியே தொடங்குகிறது. வரகரிசியைப் புளிப்பு நீரில் இரும்புப் பாத்திரத்தில் இரும்புத் தூளோடு சமைத்துத் தலையில் பூசும் முறை அங்கே காணப்படுகிறது. நெல்லிக்காய்த் தூளையும் மருதாணியையும் இரும்புச் சட்டியில் இரவெல்லாம் ஊறவைக்கும் நம் வீட்டு வழக்கம், இந்நெறியோடு உறவுடையது.

இங்கே மலாக்காவின் பழைய வாணிகம் நினைவிற்கு வருகிறது. 1512 முதல் 1515 வரை மலாக்காவில் இருந்த போர்த்துக்கேயர் தோமே பிரெஸ், சோழமண்டலக் கரையிலிருந்து இத்துறைமுகத்திற்கு வந்திறங்கிய துணிகளைப் பற்றித் தம் நூலில் எழுதியுள்ளார். அத்துணிகளின் சிவப்புச் சாயவேரால் ஆயது. நீலம் அவுரியால் ஆயது. கருப்பு, கடுக்காயும் இரும்பும் கூடியதால் ஆயது. சாயத் தொட்டியில் நீலமும் கருப்பும் தந்த அதே பொருள்கள்தாம் வீட்டின் புறக்கடையில் நரையையும் மறைத்தன. சாயத் தொழிலும் கூந்தல் ஒப்பனையும் ஒரே அறிவின் இரு கிளைகள் எனலாம்.

நூற்றாண்டின் திருப்பம்

இவ்வறிவு ஏன் மங்கியது? 1856இல் பதினெட்டு வயது இளைஞராகிய வில்லியம் பெர்க்கின் இலண்டனில் நிலக்கரித் தாரிலிருந்து ஊதாச் சாயம் ஒன்றைக் கண்டறிந்தார். செயற்கைச் சாயங்களின் காலம் அதனோடு தொடங்கியது. 1880இல் ஜெர்மானியராகிய அடால்ஃப் வான் பாயர் நீலத்தையும் ஆய்வுக்கூடத்தில் ஆக்கிக் காட்டினார். 1897இல் ஜெர்மனியின் பாஸ்ஃப் நிறுவனம் செயற்கை நீலத்தைச் சந்தைக்குக் கொணர்ந்தது. அதன்பின் சில ஆண்டுகளிலேயே இந்திய அவுரி வாணிகம் தளர்ந்தது. தென் ஆர்க்காட்டு வயல்களில் பெருக விளைந்த அவுரி அருகியது.

அதற்கு முந்தைய ஆண்டாகிய 1896இல், மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் டான் சாய் யான் என்பார் ரப்பர் கன்றுகளை நட்டார். மலாயாவின் முதல் வாணிக ரப்பர்த் தோட்டம் அதுவே என்பர். அதனைத் தொடர்ந்து பெருகிய தோட்டங்களுக்குத் தென் ஆர்க்காடு, வட ஆர்க்காடு, சேலம், திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர் மாவட்டங்களிலிருந்து தமிழர் ஆயிரக்கணக்கில் வந்தனர். ஒன்று மற்றொன்றிற்குக் காரணம் என்று கூறுவது நம் கருத்தன்று. ஆயினும், ஒரு செடியின் வீழ்ச்சியும் மற்றொரு மரத்தின் எழுச்சியும் அடுத்தடுத்த ஆண்டுகளில் நிகழ்ந்தமை சிந்திக்கத்தக்கது. திருமணச் சடங்கில் இடம்பெற்றமையால் மருதோன்றி வீட்டு முற்றத்தில் நிலைத்தது. சடங்கில் இடம்பெறாத அவுரியோ, வயலை இழந்தபின் நினைவையும் இழந்தது. இன்று மருதாணிச் செடியைக் காட்டாத சிறுமி இல்லை. அவுரிச் செடியை அடையாளம் காட்டக்கூடியவர் மிகச் சிலரே.

அந்த வெற்றிடத்தில் புகுந்தது நிலக்கரித் தாரின் வழிவந்த மற்றொரு பொருள். பாரா-பினைலின்-டையமின் என்பது அதன் பெயர். பிபிடி என்று சுருக்கி வழங்குவர். மயிர்ச் சாயமாக இதற்கு 1883இல் பிரான்சில் காப்புரிமை பெறப்பட்டது. 1907இல் பாரிஸ் வேதியியலார் யூஜீன் ஷ்யூலர் செயற்கை மயிர்ச் சாயம் செய்து விற்கலானார். 1909இல் அவர் தொடங்கிய நிறுவனமே பின்னாளில் லோரியால் எனப் புகழ்பெற்றது. பிபிடி நிறமற்ற சிறு மூலக்கூறாக மயிருக்குள் நுழைந்து, உள்ளேயே கருமையாக மாறி நின்றுவிடும். அரைமணி நேரத்தில் கருமை வேண்டுவோர்க்கு இது பெருவசதியாயிற்று.

கறுப்பு மருதாணி என்னும் பொய்ப்பெயர்

முதலில் எழுப்பிய வினாவிற்கு இப்போது விடை கூறலாம். கறுப்பு மருதாணி என்று ஒரு செடி இல்லை. அப்பெயரில் விற்கப்படுவது மருதோன்றியும் அவுரியும் கலந்ததாக இருக்கலாம்; அல்லது மருதாணித் தூளோடு பிபிடி சேர்த்ததாக இருக்கலாம். முன்னது மூலிகை, பின்னது தார்ச்சாயம். இரண்டிற்கும் ஒரே பெயர் இருப்பதுதான் கேடு.

பிபிடி சிலருடைய தோலில் கடும் ஒவ்வாமையை உண்டாக்கும். ஒருமுறை ஒவ்வாமை தோன்றினால் அது வாழ்நாள் முழுவதும் தொடரக்கூடும். ஐரோப்பிய ஒன்றியம் மயிரில் பூசும் நிலையில் இதன் அளவு 2 விழுக்காட்டைத் தாண்டலாகாது என்று விதித்துள்ளது. தோலில் சித்திரம் எழுதுவதற்கு அங்கும் அமெரிக்காவிலும் இதற்கு இசைவு இல்லை. இதனை உட்கொண்டவர்க்குத் தொண்டை வீங்கி மூச்சடைத்தலும், தசை சிதைந்து சிறுநீரகம் கெடுதலும் நேர்வதைத் தென்னிந்திய மருத்துவர் பலமுறை பதிவு செய்துள்ளனர்.

மூலிகை என்றாலே தீங்கற்றது என்று எண்ணுவதும் தவறு. ஜி-6-பி-டி என்னும் நொதிக் குறைபாடுடைய குழந்தைகளுக்குத் தூய மருதோன்றியே இரத்த அணுக்களைச் சிதைக்கும். மலேசிய மருத்துவமனைகளில் பிறந்த குழந்தைகளுக்கு இக்குறைபாடு உண்டா என்று சோதிப்பது வழக்கம். குறைபாடு உள்ளது என்று அறியப்பட்ட குழந்தையின் கையில், விழா நாளாயினும், மருதாணி இடலாகாது.

ஆகவே தூள் வாங்குவோர் சில குறிகளை அறிந்திருத்தல் நன்று. தூய மருதோன்றி பசுமை கலந்த தூளாக இருக்கும், செம்மையே தரும், அதற்குச் சில மணி நேரம் வேண்டும். அவுரித் தூளும் பச்சையாகவே இருக்கும்; தனித்தே பொதியப்பட்டிருக்கும். ஒரே தூள் அரைமணியில் கருங்கருமை தருமாயின், அதில் இலையைத் தவிர வேறொன்று உள்ளது என்று ஐயுறுக. பொதியின் மேல் அச்சிட்ட பொருட்பட்டியலைப் படித்த பின்பே வாங்குக. எத்தூளாயினும் முதன்முறை பயன்படுத்துமுன் காதின் பின்புறம் சிறிது தடவி, இரண்டு நாள் பார்த்தல் வேண்டும்.

பெயரைக் காப்போம்

நம் முன்னோர் கழுவுவதற்கு ஓர் இலை, மணத்திற்கு ஒரு கட்டை, செம்மைக்கு ஒரு செடி, கருமைக்கு ஒரு செடி என்று வேறு வேறாக வைத்து, வேறு வேறு பெயரிட்டு வழங்கினர். பெயர் தெளிவாக இருந்தவரை பொருளும் தெளிவாக இருந்தது. எல்லாவற்றையும் ஒரே பொதியில் அடைத்து, எல்லாவற்றிற்கும் மருதாணி என்றே பெயரிட்டபோது மயக்கம் புகுந்தது. ஆகவே இது மொழியாசிரியர்க்கும் உரிய செய்தியாகிறது.

செர்காம் வட்டாரத்துத் தமிழாசிரியர்கள் தம் பள்ளித் தோட்டத்தில் மருதோன்றி, அவுரி, கரிசலாங்கண்ணி, செம்பருத்தி ஆகிய நான்கையும் அருகருகே வளர்க்கலாம். ஒவ்வொன்றின் அருகிலும் தமிழ்ப்பெயரோடு இனாய், தாரும், உராங்-ஆரிங், புங்கா ராயா என்ற மலாய்ப் பெயர்களையும் எழுதி வைக்கலாம். அவுரியிலையைக் கசக்கி நீரிலிட்டு, அந்நீர் காற்றுப்பட்டு நீலமாவதை மாணவர் தம் கண்ணாலேயே காணட்டும். அதனைக் கண்ட பிள்ளை, கறுப்பு மருதாணி என்ற பெயரைக் கடையில் பார்த்தால், அதில் உள்ள கருமை எதிலிருந்து வந்தது என்று கேட்கும்.